சிரட்டைக் கரி: ஆலைக்கு ஆகும், கிணற்றுக்கு ஆகுமா?

“தோப்பில் சேரும் சிரட்டையைக் கரியாக்கினால், ரசாயனங்களைச் சுத்தப்படுத்தும் ஆலைகள் வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா? அதே கரியைக் கிணற்றில் போட்டால் உப்பு குறையுமா?”
- வாசகர், பசுமலை, மதுரை.

முதல் கேள்விக்குப் பதில், பாதி உண்மை. ஆலைகளில் பயன்படுவது குழியிலிருந்து அள்ளிய கரி அல்ல. அதிலிருந்து தயாராகும் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’. சிரட்டைக் கரியை 900 டிகிரி செல்சியஸ் அளவில் நீராவி செலுத்திச் சூடேற்றும்போது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. ஒரு கிராம் கரியில் உள்ள துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட்! அந்தச் சுவர்களில்தான் வேண்டாத பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

சிரட்டைக் கரியின் துளைகள் மிகச் சிறியவை. ஆலைக் காற்றில் கலந்து வீணாகும் அசிட்டோன் போன்றவற்றின் ஆவியைப் பிடிக்கவும், சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் இதற்குக் கிராக்கி அதிகம். கிளிசரின், சர்க்கரைப் பாகு இவற்றின் நிறத்தை எடுக்க, பெரிய துளையுள்ள மரக்கரி வகைகளே பொருத்தம்.

இனி வரவுக் கணக்கு. குழி முறையில் 1,000 முழுச் சிரட்டைக்குச் சுமார் 35 கிலோ கரிதான் கிடைக்கும். ஒரு டன்னுக்கு 30,000 சிரட்டை வேண்டும். தனி ஒருவர் தோப்புக்கு இது கட்டாது. பத்துப் பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்; இல்லையென்றால் சிரட்டையாகவே விற்பது நல்லது. நார், மண், அரைவேக்காட்டுத் துண்டு கலந்த கரிக்கு விலை குறையும்.

கரி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால், தாரும் பீனாலும் கலந்த கழிவுநீர் மண்ணில் இறங்கும். கொங்குப் பகுதியில் கரிச் சூளைகளை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் நிறம் மாறியதாக எழுந்த புகார்களுக்கு இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. காற்றுப் புகாமல் மூடி, தானாக ஆறவிட வேண்டும். எடையும் ஏமாற்றாது.

கிணற்று உப்புக்கு எந்தக் கரியும் உதவாது. கரைந்த உப்பும் கடினத்தன்மையும் அப்படியே கரியைத் தாண்டிப் போய்விடும். குளோரின் வாடை, சில பூச்சிமருந்து எச்சம் போன்றவற்றை ஆக்டிவேட்டட் கார்பன் பிடிக்கும். துளைகள் நிரம்பியதும் மாற்றியே ஆக வேண்டும். கரி வாங்குவதற்கு முன், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து, உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். குடிப்பதற்கென்றால் குடிநீர் பரிசோதனை தனி.