முதலில் மூச்சு, பிறகு விசாரணை

ஓபியாய்டு வகை வலி நிவாரண மாத்திரையான டேபென்டடாலைப் பொடித்து, நீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழகத்து இளைஞர்கள் சிலரைப் பிடித்திருக்கிறது. அளவு மிஞ்சினால் அவர்கள் வந்து சேருமிடம் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே அவர்களை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு செவிலியர்.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மந்தமாகி, தட்டி எழுப்பியும் விழிக்காவிட்டால் அவர் ஓபியாய்டு நஞ்சைச் சந்தேகிப்பார். கண்மணி விரிந்து, உடல் கொதித்து, நோயாளி நிலைகொள்ளாமல் தவித்தால் மெத்தம்பெட்டமின் போன்ற ஊக்கப்பொருளாக இருக்கலாம். முன்னதற்கு மூச்சுக்குத் துணையும் நலோக்சோன் என்னும் மாற்று மருந்தும். பின்னதற்குச் சூட்டைத் தணிப்பதும் அமைதிப்படுத்தும் மருந்தும். நலோக்சோனின் பலன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடலாம். மூச்சு மீண்டும் மந்தமாகலாம். எனவே, கண் விழித்தவரை உடனே வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது.

என்ன எடுத்தார், எவ்வளவு, எப்போது, மதுவும் சேர்ந்ததா? இக்கேள்விகளுக்குப் பதில் தெரிந்த நண்பர்கள் போலீசுக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை. பெற்றோரை ஊர்ப்பேச்சு தடுக்கிறது. இரண்டு தயக்கங்களும் புரிந்துகொள்ளக் கூடியவையே. காவல்துறையின் தரப்பிலும் நியாயம் உண்டு: விற்றவரைப் பிடிக்காவிட்டால் நாளை இன்னொருவர் அதே கட்டிலில் கிடப்பார். கொந்தளிக்கும் நோயாளியையும் கோபமான உறவினரையும் ஒருசேரச் சமாளிக்கும் செவிலியருக்கோ தன் பாதுகாப்பும் கவலை.

இவற்றுக்கு இடையே வழி இருக்கிறது. சட்ட நடைமுறைக்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமைப்பட்டவர் தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருளை உட்கொண்டதற்கோ சிறிதளவு வைத்திருந்ததற்கோ வழக்கிலிருந்து விலக்களிக்கிறது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையை அவர் முழுமையாக முடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால், தூக்கி வந்த நண்பருக்கு இப்பிரிவு காப்பு தரவில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இலேயே, இத்தகைய நேரத்தில் உதவி கோருபவருக்கும் வரையறுக்கப்பட்ட சட்டப் பாதுகாப்பு அளித்தது. நாமும் இதை விவாதிக்கலாம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நண்பர்கள் 108ஐ அழைத்து, மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவரட்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரட்டும். காவலர்கள் மருத்துவர் சம்மதித்த பிறகு விசாரிக்கட்டும். இரவுப் பணியில் செவிலியருக்குத் துணையாக ஒரு பாதுகாவலர் நிற்கட்டும். நோயாளி வீடு திரும்புமுன் மருத்துவமனை 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் குடும்பத்தினரிடம் தந்து, அடுத்த சிகிச்சைக்கும் நாள் குறிக்கட்டும். தத்தம் கடமையை யாரும் விட்டுத்தர வேண்டியதில்லை. வரிசையை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.