ஐஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?

எங்கள் வங்கிக் கிளையின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மேலே 'இன்றைய பொன்மொழி' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே தினம் ஒரு வாசகம், சாக்பீஸில். நான் கவிதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கவிஞனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஒருநாள் எழுதினேன்: 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.' மேலாளர் நின்று படித்தார். "நல்ல கருத்துங்க. கணக்குப் பார்க்காம உழைக்கணும்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்க ஆயா அதைச் சொன்ன தொனியே வேற. அறுப்பு முடிந்து, களத்தில் கூலி அளந்து போட்ட பிறகு, முறத்தில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே சொல்லும். அது உபதேசம் இல்லை, சாட்சியம். மிஞ்சாதது எங்கே போச்சுன்னு கேட்கிற கேள்வி. அதே வாசகம் ஊர்த்தெருவுக்குப் போனதும் 'கணக்குக் கேட்காதே' என்று மாறிவிடுகிறது.

பழமொழிகள் மக்களின் ஞானம் என்று பேராசிரியர்கள் சொல்கிறார்கள். எந்த மக்கள், எவரைப் பற்றி, எவரிடம் சொன்ன ஞானம்? பாதிரியார் பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1897-இல் ஜென்சன் என்ற டேனிஷ் பாதிரியார் இன்னொரு தொகுப்புப் போட்டார். இந்தப் பழமொழிக் குவியலில் நம் சாதிப் பெயரைச் சொல்லியே ஏசுகிற மொழிகளுக்குப் பஞ்சமில்லை. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 1989-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. பழமொழி மேல் எந்த ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடுவாய்? "நானா சொன்னேன், பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று கையை விரித்துவிடுவான். யாருடா அந்தப் பெரியவங்க?

'ஐஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு?' சமத்துவம் பேசுகிறவனின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான பூட்டு தமிழில் கிடையாது. சரி, ஒண்ணா இல்லைதான். ஆனால் எந்த விரலாவது இன்னொரு விரல் பட்டால் தீட்டு என்கிறதா? சுண்டுவிரல் கட்டைவிரலைப் பார்த்துச் செருப்பைக் கழற்றுகிறதா? சோற்றுப் பருக்கையை அள்ளும்போது அஞ்சும் சேர்ந்துதானே போகுது. விரல்களுக்குள் இருப்பது வித்தியாசம். ஊரில் இருப்பது படிநிலை. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்துவது ஞானமல்ல, கைவித்தை.

'மனித இயல்பு' என்ற சரக்கும் இப்படித்தான். எங்கள் கிளையில் ஒரு அதிகாரி பெரிய தொகையைத் தவறான கணக்கில் வரவு வைத்துவிட்டார். 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்றார்கள். அடுத்த மாதம் என் கவுண்டரில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினேன். டீ குடிக்கிற இடத்தில் ஒருத்தர் குரல் காதில் விழுந்தது: "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சா..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. தேவையும் இல்லை. பாதி சொன்னால் மீதியை மற்றவர்கள் மனசுக்குள் முடித்துக்கொள்வார்கள். அவன் தப்புக்கு விபத்து என்று பெயர். என் தப்புக்குப் பிறவிக்குணம் என்று பெயர்.

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு வெண்மணியை ஞாபகப்படுத்துகிறேன். 1968 டிசம்பர் 25. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்களில் பெரும்பாலோர் பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர்; இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

கவனியுங்கள் தோழர்களே, நம்புவது கடினம்! நம்பிக்கை என்றால் சாமி, பூதம், ராகுகாலம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பகுத்தறிவு பேசுகிறோம். கார் வைத்திருப்பவன் கொளுத்தமாட்டான் என்பதும் மூடநம்பிக்கைதான். அதற்குக் கோயில் வேண்டாம், கோர்ட் போதும். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்று நம் கிழவிகள் சொன்னது இதைத்தான். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட அந்த மக்களில் மூன்று பேர் மேலேயே குற்றம் சாட்டியது. இன்னும் எந்த அம்பலத்தில் ஏற வேண்டும் நம் சொல்?

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நமக்கும் பொன்மொழி வியாதி உண்டு. 1942-இல் நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர் சொன்ன வரிசை: கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர். நம் சுவரெழுத்தில் 'ஒன்றுசேர்' நடுவுக்கு வந்துவிட்டது. 'கிளர்ச்சி' புரட்சியாகிக் கடைசிக்குப் போய்விட்டது. முதலில் சங்கம் சேர்ப்போம், கிளர்ச்சி அப்புறம் பார்த்துக்கலாம் என்று பேனர் கட்டிக்கொண்டிருக்கிறோம். யாராவது கேட்டோமா? தலைவர் படத்துக்குக் கீழே இருப்பதால் கேட்கவில்லை. மாலை போட்டால் சிந்தனையும் சாமியாகிவிடும்.

கேசபுத்தத்தில் காலாமர்களிடம் புத்தர் சொன்னதன் சாரம் என்ன? பரம்பரையாக வருகிறது என்பதற்காக ஏற்காதே, வேதத்தில் இருக்கிறது என்பதற்காக ஏற்காதே, சொல்பவர் உன் குரு என்பதற்காகக்கூட ஏற்காதே. கேடு தருமா, நன்மை தருமா என்று நீயே பார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அம்பேத்கர் போய்ச் சேர்ந்தது இந்தப் புத்தரிடம்தான். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசரும் பழைய சொல்லையும் கதையையும் பண்டிகையையும் எடுத்து, இது யாருடையது, யார் திருப்பிப் போட்டது என்று கேட்டார். அவருடைய பதில்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வியை விட்டுவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த தொழில் காசோலை பார்ப்பது. யார் எழுதியது, யார் பெயருக்கு எழுதியது, கணக்கில் இருப்பு இருக்கா என்று மூன்றும் பார்க்காமல் பணம் கொடுத்தால் என் வேலை போய்விடும். பொன்மொழியையும் அப்படித்தான் பார்க்கணும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக எவனும் பணம் தருவதில்லை.

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்: 'உழுதவன் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.' மத்தியானத்துக்குள் யாரோ துடைத்துவிட்டார்கள். இப்போது அந்த வேலை வேறொருவரிடம் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். உங்க ஆயா, அப்பத்தா, அம்மாயி வாயில் இருக்கிற பழமொழிகளை எழுதுங்கள். வாசகத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்த நேரத்தில், யாரைப் பார்த்து, எந்த வயிற்றெரிச்சலில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். பாதிரிமார்களும் பேராசிரியர்களும் விட்டுவிட்ட பாதி அதுதான்.