மறதியே மூலதனமா?

மனனம் என்றாலே முகஞ்சுளிப்பது கற்றோரிடை நாகரிகமாகிவிட்டது. நெல்லியடித் தனியார் கல்வி நிலையங்களில் உயர்தரப் பரீட்சைக்கு உருப்போடும் மாணவன் ஏளனத்துக்குள்ளாகின்றான். குற்றம் மனனத்திலன்று, மீட்டலுக்குரிய காலம் தவறுவதிலேயே உளது. கற்றவை விரைந்து மறைவதை 1885இல் எபிங்ஹவுஸ் அளந்து காட்டினார். 1987இல் போலந்தின் வொஸ்னியாக் வகுத்த கணினி முறை மறதியை முந்திக்கொள்கிறது: சரியாக விடையளித்த வினா மறுநாளும், பின் ஆறு நாள் கழித்தும், அதன்மேல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக விரியும் இடைவெளிகளிலும் திரும்ப வரும், இடர்ப்பட்ட வினாவுக்கு அம்மடங்கு குறையும், தவறியது முதல்நாளிலிருந்தே தொடங்கும். இங்கோ ஈராண்டுப் பாடம் முழுவதும் இறுதி மாதங்களில் ‘மீட்டல் வகுப்பு’ எனக் கட்டணம் அறவிட்டுக் கொட்டப்படுகிறது. மாணவனின் மறதியே இங்கு மூலதனம்! கற்பித்த மறுநாளே மீட்டலைத் தொடங்காதவர், கற்பித்தோம் எனக் கூறுதல் தகுமா?