பூசணிக் கொடிக்கு மருந்தடிக்க முதல்



மாரி மழை விழுந்ததும் நம்ம திருகோணமலையில் வளவுக்கு வளவு பூசணி, சுரை, வெள்ளரி விதை போடுவோம். முளைத்து இரண்டு இலை விரிக்கும்போதே செம்மஞ்சள் நிறத்தில், சோற்றுப் பருக்கை அளவில் ஒரு வண்டு வந்து குந்திவிடும். இலை சல்லடையாகும். உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி அடிக்கிறோம். வீட்டிலும் பாடசாலைத் தோட்டத்திலும் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதுதான் பூசணி வண்டு. பூசணிக் குடும்பத்து இலையிலுள்ள கசப்பு மற்றப் பூச்சிகளை விரட்டும், இதைக் கூப்பிடும். ஆனால் கசப்புக்கே பேர்போன பாகலை இது பெரிதாகத் தொடாது! இரண்டையும் பக்கத்தில் நட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஒரு விஞ்ஞானப் பாடமே முடிந்துவிடும்.

நாம் இலையைப் பார்த்து அடிக்கிறோம். முட்டை கிடப்பதோ கொடியின் அடிமண் ஈரத்தில். புழு வேரைத் துளைக்கும், மண்ணில் படுத்திருக்கும் காயையும் துளைக்கும். இலைக்கு அடித்த மருந்து அங்கே போய்ச் சேராது. தேனீக்குத்தான் போய்ச் சேரும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு; விடியலில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணித்தியாலத்தில் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். பிறகு "காய் பிடிக்குதில்லை" என்று இன்னொரு மருந்து வாங்குகிறோம். அடித்த மூன்றாம் நாளே வெள்ளரிப் பிஞ்சைப் பறித்துப் பிள்ளை கையில் கொடுப்பவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருப்பதை யார் வாசிக்கிறோம்?

வண்டால் பெரிய ஆபத்து முளைத்த முதல் மூன்று நான்கு கிழமைதான். அதுவரை பழைய நுளம்பு வலையால் மூடுங்கள். பூ வரும்போது எடுத்துவிடுங்கள். சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏற முதல், வண்டு சோம்பலாக இருக்கும். கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீர்ச் சிரட்டையில் போடலாம். நம் உம்மாமார் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவியது சும்மா இல்லை. காய்த்து முடிந்த கொடியைப் பிடுங்கி, அடிமண்ணைக் கொத்திவிடுங்கள்.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் ஏக்கர் கணக்கில் செய்பவரிடம் கையால் பிடியுங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. 2021இல் இரசாயனங்களை ஒரேயடியாக நிறுத்தி விவசாயியைத் தவிக்கவிட்டதையும் மறக்கவில்லை. அவர்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அளவாக அடிக்கட்டும். பத்துக் கொடி வைத்திருக்கும் நமக்கு அது தேவையா?

பெற்றோரே, இந்த மாரிக்குப் பாடசாலைத் தோட்டத்துக்கு விதையோடு ஒரு பழைய வலையும் தந்துவிடுங்கள். மருந்துப் போத்தல் வேண்டாம்.