பீரங்கி வராத அணிவகுப்பு

தேசிய தினம் என்றாலே ராணுவ அணிவகுப்பும் பீரங்கியும்தானே நம் நினைவுக்கு வரும்? மே 17 அன்று நார்வேயின் ஆஸ்லோ நகருக்குப் போகிறவர்கள் ஆச்சரியப்பட்டுப் போவார்கள். அங்கே அணிவகுத்து வருவது பள்ளிப் பிள்ளைகள்!

1814-ல் அந்நாட்டின் அரசியல் சாசனம் பிறந்த நாள் அது. கார்ல் யோஹான் வீதி நெடுக பேண்டு வாத்தியம், கையில் குட்டிக் கொடியோடு வாண்டுகள். அரண்மனை மாடத்தில் நின்று ராஜ குடும்பமே கையசைக்கிறது. ஐஸ்கிரீமுக்கு அன்று கணக்கு வழக்கே கிடையாது.

இந்தக் குதூகலம் சும்மா வந்துவிடவில்லை. 1870-ல் கவிஞர் பியோர்ன்சன் முயற்சியில் பிள்ளைகள் ஊர்வலம் தொடங்கியபோது பையன்களுக்கு மட்டும்தான் இடம். பெண் குழந்தைகள் 1889 வரை காத்திருந்தார்கள். 1940-ல் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்ததும் கொண்டாட்டத்துக்கே தடை. 1945 மே 8-ல் விடுதலை. ஒன்பதே நாளில் மே 17. வீதியெங்கும் மறுபடி கொடிகள்!

போகிறவர்கள் காலையிலேயே இடம்பிடித்து விடுங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் “கிராத்துலேரர் மே தாகன்” என்று வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே பதில் வாழ்த்து வந்துவிடும்.