கடனும் அதன் கணக்கும்

ஒரு நாடு கடன்படுதல் குற்றமன்று. பட்ட கடனைத் தன் குடிகள் அறியாவாறு மறைத்தலே குற்றம் என்பது எம் துணிபு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பாகத்துள்ள ஜாம்பியா நாட்டின் செய்தியைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

செம்புச் சுரங்கங்களாற் பெயர்பெற்ற அந்நாடு, 2005-ஆம் ஆண்டில் தன் பழங்கடன்களிற் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பெற்று இளைப்பாறிற்று. அவ்விளைப்பாறல் நெடிது நிலைத்திலது. 2012 முதல் 2015 வரை, உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களால் மட்டும் 300 கோடி டாலர் கடன் ஏறிற்று. சாலைகளும், லுசாக்கா விமான நிலையமும், 750 மெகாவாட் ஆற்றலுடைய கபூயே நீர்மின் நிலையமும் அமைத்தற்குச் சீனத்து வங்கிகளிடமும் பெருந்தொகை பெறப்பட்டது. செம்பின் விலை வீழ வருவாய் சுருங்கிற்று; வட்டியோ வளர்ந்தது. பெருந்தொற்றும் உடன்சேர, 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைச் செலுத்தமாட்டாது அரசாங்கம் கைவிரித்தது.

அதற்குமுன் அவகாசம் வேண்டியபோது பத்திரக்காரர் இசைந்திலர். என்னை? தாம் விட்டுக்கொடுக்கும் பொருள் சீன வங்கிகளுக்குச் சென்றுவிடுமோ என ஐயுற்றனர். அவ்வங்கிகளின் ஒப்பந்தங்களோ மறைவில் இருந்தன. 2021-இல் ஆட்சி மாறிய பின்னர், சீனத்தாரிடம் பட்ட கடன் முன்பு வெளியிடப்பட்டதினும் ஏறத்தாழ இருமடங்கு என ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். சீனமும் பிரான்சும் தலைமை தாங்கிய குழு, 630 கோடி டாலர் கடனைத் திருத்தியமைக்க 2023 ஜூனிலேதான் இசைந்தது. இரண்டரை ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன.

இது சீனம் விரித்த வலையே என்பாரும் உளர். அதனை யாம் முற்றும் உடன்படோம். மேனாட்டுப் பத்திரக்காரரும் வட்டி கருதியே கொடுத்தனர். கடனால் எழுந்த மின்நிலையமும் நாட்டிற்கு வேண்டுவதொன்றே. ஆயினும், 2024-இல் கொடிய வறட்சியால் அணைகள் வற்றி ஊர்கள் இருளில் ஆழ்ந்த காலத்தும் கடன் வற்றவில்லை. வானம் பொய்ப்பினும் வட்டி பொய்யாதன்றோ! அதனை இறுப்பவர் ஒப்பமிட்ட அமைச்சர் அல்லர். உழவரும், கூலியாளரும், இன்று பள்ளியிற் பயிலும் சிறாருமேயாவர்.

ஆகலின், வெளிநாட்டுக் கடனொப்பந்தம் ஒவ்வொன்றும் ஒப்பமிடப்படுமுன் மக்கள் சபையின்முன் வைக்கப்படல் வேண்டும். நம் நாட்டு ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிற்குக் கடனளித்து வருகின்றது. எனவே கொடுப்போர் வரிசையில் நிற்கும் நமக்கும் இம்முறை உரியதே. மறைவாய்க் கேட்பவர்க்குக் கொடேம் என்னும் உறுதி முதற்கண் நம்மிடத்தே தோன்றுக.