பெட்டி போனாலும் பதிவு நிற்க வேண்டும்

வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் கருவி பழுதாகி, அதன் இடத்தில் புதியதொன்றை வாங்க வேண்டிய நிலைமை வரும்போது, நம்மில் பெரும்பாலோர் கடையில் கேட்பவை மூன்று: எத்தனை மணி நேரம் பதியும், படம் எவ்வளவு தெளிவாக இருக்கும், விலை எத்தனை வெள்ளி. மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டென்பதும், அதைக் கேளாமல் வாங்கிய கருவி எத்தனை உயர்ந்ததாயினும் சில ஆண்டுகளில் நம்மை வெறுங்கையோடு நிறுத்திவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். இந்தப் பெட்டி ஒருநாள் இயங்காமல் போகும்போது, இதற்குள் நான் சேர்த்து வைத்தவையெல்லாம் என்னவாகும் என்பதே அந்தக் கேள்வி.

தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டில் நெடுங்காலம் உழைத்த பதிவுக் கருவி அண்மையில் நின்றுபோனது. புதியது வாங்கும் யோசனையோடு பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜத்திலும் விசாரித்தபோது, ஒரு கடையில் விற்பனைக்கு நின்றிருந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர், நான் விலையைக் கேட்பதற்கு முன்பே, “அங்கிள், பார்த்துட்டு அழிச்சிடுவீங்களா, இல்ல எடுத்து வைப்பீங்களா?” என்று கேட்டார். வயதில் இளையவரானாலும் விஷயத்தின் மூலத்தைத் தொட்டுவிட்டார். பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒருவர், அன்றைய தொடரை மறுநாள் பசியாறும் வேளையில் பார்த்துவிட்டு அழிப்பதற்காகப் பதிவது ஒரு விதம். ஒரு நிகழ்ச்சியைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டுமென்று பத்திரப்படுத்துவது வேறு விதம். முதலாவதற்கு ஏறக்குறைய எந்தக் கருவியும் போதும். இரண்டாவதற்கு மிகுந்த விவேகம் வேண்டும்.

இந்த வேற்றுமை நம் நாட்டில் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் தேதி தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. அக்காலத்தில் வாரத்தில் ஒருமுறை ஒளிபரப்பாகும் தமிழ்ப்படத்துக்காகத் தோட்டத்து லயங்களில் தொலைக்காட்சி உள்ள வீட்டின் ஐந்தடி முழுவதும் அக்கம்பக்கத்தார் வந்து நிறைந்ததைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தவறவிட்ட படம் தவறியதுதான். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட விஎச்எஸ் முறை எண்பதுகளில் நம் வீடுகளை எட்டியபோதுதான், ஒளிபரப்பின் நேரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த மனிதன் முதன்முதலாக அந்நேரத்தைத் தன் வசமாக்கிக்கொண்டான். நம் நாட்டில் பெரிதும் விற்ற இ-180 நாடாவில் மூன்று மணி நேரம் பதியலாம் என்பதால், இரண்டரை மணிக்குக் குறையாத தமிழ்ப்படம் ஒன்று ஒரே நாடாவில் முழுதாக அடங்கியது பெரும் சௌகரியம்.

வீட்டில் பதிந்துகொள்வது நியாயமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1984 ஜனவரி 17-ஆம் தேதி ஐந்து நீதிபதிகளுக்கு நால்வர் என்ற நூலிழை வித்தியாசத்தில், பின்னர் பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டில் பதிவது குற்றமாகாது என்று தீர்ப்பாயிற்று. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவியைப் பற்றிய அவ்வழக்கில் ஒரே ஒரு நீதிபதியின் அபிப்பிராயம் மாறியிருந்தால், உலகமெங்கும் இக்கருவிகளின் சரித்திரமே வேறாகியிருக்கக்கூடும்.

நாடாவின் குறைகளை நாம் அறிவோம். நம் நாட்டின் ஈரக்காற்றில் அதன்மேல் வெண்ணிறப் பூஞ்சணம் படரும். ஓட ஓடப் படம் மங்கும். ஆனால் அதற்கு ஒரு மகத்தான குணம் இருந்தது. கருவி கெட்டால் நாடாவை வெளியே எடுத்து அடுத்த வீட்டுக் கருவியில் போட்டுப் பார்க்கலாம். பதிவும் பதியும் பெட்டியும் தனித்தனியாக இருந்தன. 1999-இல் அமெரிக்காவில் டிவோ போன்ற கருவிகள் வன்வட்டில் பதியத் தொடங்கியபோது இவ்விரண்டும் ஒன்றாயின. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைப்பது, முன்பு பதிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதிவது, ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் தானாகவே சேர்ப்பது ஆகிய வசதிகளெல்லாம் கிடைத்தன. பெட்டியோடு பதிவும் அழியும் அபாயமும் அவற்றோடு கூடவே வந்தது.

அந்த வன்வட்டின் தொழில் நம் பினாங்குக்கு அந்நியமானதன்று. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளில் வன்வட்டின் பாகங்களைச் செய்து தேர்ந்த கைகளில் நம் பெண்களின் கைகளும் உண்டு. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதந்து எழுதும் முனையைக் கொண்ட அச்சாதனம், மனித சாமர்த்தியத்தின் சிகரங்களுள் ஒன்று. எனினும் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் அதற்கு ஓய்வென்பதே இல்லை. நாம் எதையும் பதியச் சொல்லாதபோதும், நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காகப் பல கருவிகள் ஓடும் நிகழ்ச்சியை இடைவிடாது வட்டில் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அதனால் உண்டாகும் சூடும், நம் பகற்பொழுதின் வெக்கையும், மூடிய அலமாரியின் புழுக்கமும் கூடும்போது வட்டின் ஆயுள் தேய்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

எங்கள் பழைய கருவி இந்த வன்வட்டோடு டிவிடி எழுதும் வசதியும் கொண்டது. 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடெங்கும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, அதனுள் இருந்த அலைவாங்கி பயனற்றதாயிற்று. அதன் பிறகும் டிகோடரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை அதில் மாட்டிப் பதிந்து வந்தோம். இப்போது வட்டு நின்றுவிட்டது. ஆனால் முக்கியமானவற்றை அவ்வப்போது டிவிடியில் எழுதி எடுத்து வைத்திருந்தமையால், தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடிய தீபாவளி நிகழ்ச்சியும், தமிழ்ச் செய்தியில் வந்த உள்ளூர்க் கோயில் குடமுழுக்கும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. கருவி போயும் பதிவு நின்றதற்கு, அது வெளியே எடுக்க இடங்கொடுத்தது ஒன்றே காரணம்.

இனி, இன்று நம் முன்னுள்ள மார்க்கங்களைப் பார்ப்போம்.

முதலாவது, சந்தா கட்டும் செயற்கைக்கோள் சேவையின் கருவி. 1996-இல் ஆஸ்ட்ரோ தொடங்கி, வானவில் அலைவரிசை வந்ததிலிருந்து, வாரம் ஒரு படத்துக்குக் காத்திருந்த நம் வீடுகளில் நாள்முழுதும் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. அந்த உபகாரத்தை மறக்கலாகாது. 2019 நவம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட அல்ட்ரா பெட்டியில், பதிவு வீட்டிலுள்ள வட்டில் அமையாமல் இணையத்தின் வழியே நிறுவனத்தின் சேமிப்பகத்தில் அமைகிறது. இடி விழுந்தாலும் வட்டு தேய்ந்தாலும் அத்தகைய பதிவுக்குச் சேதமில்லை. தொடர்களைத் தவறாமல் பார்க்க விரும்புவோர்க்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. ஆனால் இணையம் சீராக வேண்டும். சந்தா உள்ளவரையில்தான் பதிவும் உண்டு. அதை எடுத்துப் பேழையில் பூட்டி வைக்க இயலாது.

இரண்டாவது, சந்தா இல்லாத மைஃப்ரீவியூ ஒளிபரப்பு. மாடியில் ஏரியலை நிறுத்தினால் ஆர்டிஎம் அலைவரிசைகளும் அவற்றிலுள்ள தமிழ் நிகழ்ச்சிகளும் தெளிவாகக் கிடைக்கின்றன. இதற்கான டிகோடர்கள் சிலவற்றில் யூஎஸ்பி துளையில் வெளிவட்டைச் செருகிப் பதியும் வசதி உண்டு. இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். சில டிகோடர்கள் பதியும் கோப்பைக் கணினியில் அப்படியே திறந்து பார்க்கலாம், நகலெடுக்கலாம். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிகளிலேயே அமைந்திருக்கும் யூஎஸ்பி பதிவு பெரும்பாலும் அந்த ஒரு பெட்டிக்கே பூட்டப்பட்டது. பெட்டி போனால் வட்டு நலமாக இருந்தும் அதிலுள்ளது எவர்க்கும் திறவாது. ஆகவே கடையிலேயே ஒரு நிமிடம் பதியச் சொல்லி, அந்த வட்டை வேறொரு கணினியில் செருகி ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, கருவியே வேண்டாம், ஆர்டிஎம் கிளிக் போன்ற செயலிகளில் வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது. அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் எந்த நிகழ்ச்சி எத்தனை நாள் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவர் நாம் அல்லர்.

கொள்ளளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் வரும் எச்டி படத்தை அப்படியே பதிந்தால் ஒரு மணிக்கு 3.6 கிகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வட்டில் சுமார் 270 மணி நேரம் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். அதிகக் கொள்ளளவுக்குப் பணம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் இரண்டாவது வட்டு ஒன்றை வாங்கி நகலெடுத்து வேறிடத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

பத்திரப்படுத்துவதற்கு இத்தனை பிரயத்தனம் அவசியமா, ஒளிபரப்பியவர்களே வைத்திருக்க மாட்டார்களா என்று சிலர் கேட்கலாம். உலகத்தின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. பிரிட்டனின் பிபிசி, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாடாக்களை மறுபடி பயன்படுத்துவதற்காகவும் இடநெருக்கடியாலும் தன் நிகழ்ச்சிகளை அழித்துவந்தது. அதனால் புகழ்பெற்ற டாக்டர் ஹூ தொடரில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் காணாமற் போயிற்று. அவற்றின் ஒலி மட்டும் முழுமையாக இன்று கிடைக்கிறதென்றால், வீட்டில் தொலைக்காட்சியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த சாதாரண ரசிகர்களே அதற்குக் காரணர். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2012-இல் மறையும் வரை செய்தி ஒளிபரப்புகளை இரவும் பகலும் பதிந்து, சுமார் 70,000 நாடாக்களை விட்டுச்சென்றார். அவை இன்று ஆராய்ச்சியாளர்க்குரிய பொக்கிஷமாகக் கருதப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்திடம் இருக்கின்றன.

நம் நிலையை இதனோடு ஒப்பிட்டு நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் திரைப்படம் எத்தனையோ இடங்களில் கிடைக்கும். அதற்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் மலேசியத் தமிழர் எழுதி நடித்த ஓர் உள்ளூர் நாடகம், நம் பேச்சுவழக்கில் தோட்டத்து முதியவர் ஒருவர் அளித்த பேட்டி, பத்துமலையிலிருந்தும் தண்ணீர்மலையிலிருந்தும் வரும் தைப்பூச நேரலை, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்த காலத்தின் செய்திப்படம் ஆகியவற்றைத் தேடுவோர் உலகில் நம்மையன்றி வேறு யார்? எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்குத் தன் ஞாபகத்தைத் தானே காக்கும் கடமை பெரிய சமூகங்களைவிட அதிகம். எங்கள் பகுதியின் மலாக்காஃப் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். தம் பாட்டனார் பேசிய தமிழ் எப்படி ஒலித்தது என்று அவர்கள் ஒருநாள் கேட்பார்கள். அன்று அவர்களுக்குப் போட்டுக் காட்ட ஏதேனும் இருக்க வேண்டும்.

ஆகையால் எங்கள் வீட்டுக்கு நான் தீர்மானித்தது இது. அன்றாடம் பார்க்கும் தொடர்களுக்குச் சந்தா சேவையின் வசதி போதும். காப்பதற்குரியவற்றுக்கு, வெளிவட்டில் திறந்த கோப்பாகப் பதியும் சாதாரண டிகோடர் ஒன்று. அது காற்றோட்டமாகத் திறந்த பலகையில் இருக்கும். நம் பகுதியின் மாலை இடிமழைக்கு முன் மின்கம்பியோடு ஏரியல் கம்பியும் கழற்றப்படும், ஏனெனில் மின்னல் இரண்டு வழியாகவும் உள்ளே வரும். ஒவ்வொரு பதிவுக்கும் நிகழ்ச்சியின் பெயர், அலைவரிசை, தேதி, அதில் தோன்றும் நம்மூர் மனிதர்களின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். பெயரில்லாத பதிவு ஒரு தலைமுறைக்குப் பின் எவர்க்கும் விளங்காது.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய கருவி தடுமாறினாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்குமாயின், புதியதை வாங்கியதும் அதைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பூட்டப்பட்ட பதிவையும் அந்தக் கருவியே திறந்து காட்டும் காலம், அது உயிரோடிருக்கும் இக்காலந்தான். அதன் வெளியீட்டுக் கம்பிகளைக் கணினியில் பதியும் சிறு கருவி ஒன்றில் மாட்டி, ஓடவிட்டு, வேண்டியவற்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிப் படத்தை நகலெடுக்க மூன்று மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். பரணில் விஎச்எஸ் நாடாக்கள் கிடக்குமாயின் அவற்றை முதலில் எடுங்கள், ஏனென்றால் அவற்றை ஓட்டும் கருவியை உலகில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இந்தப் பள்ளி விடுமுறையில் வீட்டிலுள்ள பிள்ளைகளை இவ்வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினியின் நுட்பம் அவர்களுக்குத் தெரியும், படத்தில் இருப்பவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.